எங்க வயித்துக்கு யாரு கணக்குப்பிள்ளை?

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். நடத்திவைக்க வந்த முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மணமக்களைப் பார்த்து, முன்பெல்லாம் அவசரப்படாமல் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்போம், இப்போது அப்படிச் சொல்ல முடியாது, உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2024 அக்டோபரில், சென்னைக் கல்யாண மேடை ஒன்றில் பதினாறு செல்வத்தை விட்டுப் பதினாறு பிள்ளைக் கணக்குக்கு வந்திருந்தார். அதே நாட்களில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் இதே பாட்டைத்தான் பாடினார். காரணம் எல்லாருக்கும் தெரியும். ஜனத்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளை மறுபடி பிரித்தால் தெற்குக்கு இடம் குறையும். 1962இல் 41 ஆக இருந்த தமிழ்நாட்டு எம்.பி. இடம் 1967இல் 39 ஆனது. அந்த வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் பேசிய ஊர் நாகப்பட்டினம். அங்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய ஊர். செத்தவர்களில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதுக்கு அது பதில். எங்க பிள்ளைக்கு இந்த மண்ணில் யார் யார் எவ்வளவு விலை போட்டார்கள் என்று தெரிந்த ஊரில் வந்து 'உடனே பெத்துக்குங்க' என்றால், கைதட்டிவிட்டுப் பந்திக்குப் போக என்னால் முடியவில்லை. எத்தனை பெறுவது என்ற கணக்கை இதுவரைக்கும் எங்களைத் தவிர எல்லாரும் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்க அப்பாயி ஒன்பது பெற்றாள். தங்கியது நாலு. கீழத் தஞ்சையில் ஒரு மிராசுதார் வீட்டுப் பண்ணையாள் குடும்பம். அவள் சொல்வாள்: "வயித்தத் தூக்கிட்டு நடவுல நிக்கிறப்ப அய்யா வரப்புல வந்து பாப்பாரு. மாடு மேய்க்க ஒரு பய வரட்டும்டீன்னுட்டுப் போவாரு. நாம பெக்கிறது அவரு வூட்டு மாட்டுக்கு." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அந்த வயசில் அது வேடிக்கையாக இருந்தது.

அது வேடிக்கை இல்லை, பொருளாதாரம். பண்ணையாள் கல்யாணத்துக்கு மிராசுதாரிடம் கடன். கடனைக் கழிக்க உழைப்பு. அப்பன் செத்தால் மகன் தலையில் கடன். ஆறு வயசுப் பயல் மாடு மேய்த்தால் அவன் கஞ்சி அவனுக்கு. வீட்டுச் சட்டியில் ஒரு வாய் மிச்சம். பன்னிரண்டு வயசில் அரை ஆள் கூலி. பதினாறில் முழு ஆள். பொட்டப்பிள்ளை என்றால் தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொள்ளும், ஆத்தாக்காரி நடவுக்குப் போகலாம். நிலம் இல்லை, சேமிப்பு இல்லை, வயசான காலத்தில் ஒரு கை கூழ் ஊற்ற மகனை விட்டால் நாதி இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் பென்சன் என்று ஒன்று வந்ததே 1962இல்தான், அதுவும் மாசம் 20 ரூபாய். ஒன்பது பெற்றால் நாலு தங்கும் என்பது அனுபவம். நாலு தங்க வேண்டுமென்றால் எத்தனை பெற வேண்டும்? அப்பாயி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இந்தக் கணக்கில் அவள் தப்புப் போடவில்லை.

காரி பெக்கர் என்று ஒரு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், பின்னால் நோபல் வாங்கியவர், 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளை பெறுவதை வீட்டுக்கு நீடித்து உழைக்கிற சாமான் வாங்குவதைப் போல வைத்து வரவு செலவு பார்க்கலாம் என்றார். கார், ஃப்ரிட்ஜ், பிள்ளை. படிக்கிறபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெக்கரின் குடும்பம் வாங்குகிற குடும்பம். எங்க குடும்பம் விற்கிற குடும்பம். எங்களிடம் இருந்த ஒரே சரக்கு கை. அந்தச் சரக்கு உற்பத்தியாகும் இடம் அப்பாயியின் வயிறு. அதற்கு அவளுக்குக் கூலியும் கிடையாது.

இதைப் பஞ்சாபில் நேரில் பார்த்து எழுதியவர் மஹ்மூத் மம்தானி. கன்னா என்ற பகுதியில் 1950களில் ஹார்வர்டு ஆட்கள் வருசக்கணக்காகக் கருத்தடை மாத்திரை கொடுத்து ஆராய்ச்சி நடத்தினார்கள். ஜனங்கள் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள், பிள்ளையும் பெற்றுக்கொண்டார்கள். ஏன் என்று வந்தவர்களுக்கு விளங்கவில்லை. மம்தானி மனுப்பூர் கிராமத்துக்குப் போய்க் கேட்டார், 1972இல் புத்தகம் போட்டார். உழைக்கிற குடும்பத்துக்குப் பிள்ளைதான் மூலதனம். பிள்ளை அதிகம் என்பதால் அவர்கள் ஏழையாக இல்லை, ஏழையாக இருப்பதால்தான் பிள்ளை வேண்டியிருக்கிறது. ஐம்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில், 'இந்த சேரிக்காரனுவோ பன்னிக்குட்டி மாதிரி பெத்துப் போட்டா எப்படிய்யா நாடு உருப்படும்' என்று பேசுகிற வாய் மூடவில்லை.

அந்த வாய் டீக்கடையில் பிறந்ததில்லை. 1928இல் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்று ஒன்று நடத்தினார்கள். மேட்டுக்குடிக் கனவான்கள் கூடி, தேசத்தின் ஜனத்தொகையை நினைத்துக் கவலைப்பட்ட இடம். அதே காலத்தில்தான் பெரியார் குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதுகிறார். நாட்டின் தரித்திரம், குடும்பச் சொத்து சிதறுவது, தாயின் உடல்நலம் என்று மற்றவர்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்ணின் விடுதலைக்காக இது வேண்டும் என்றார். 'பெண் ஏன் அடிமையானாள்?' வாசித்தவர்களுக்குத் தெரியும். அரசாங்கம் யார் பேச்சைக் கேட்டது? 1951 சென்சஸ் கமிஷனர் ஆர்.ஏ.கோபாலசாமி, மூன்று பிள்ளைக்கு மேல் பெறுவதற்கு 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் வைத்தார், தமிழ் என்னுடையது. அவரே பிறகு சென்னை மாநிலத் தலைமைச் செயலாளர். 1956இல் இந்தியாவிலேயே முதன்முதலாக, அறுத்துக்கொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் என்று அறிவித்தது இந்த மாநிலம்தான். சமூகநீதியின் முன்னோடி மாநிலம் என்று மேடையில் அடுக்குகிறோமே, இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பசித்தவனிடம் 30 ரூபாயை நீட்டிவிட்டு 'விருப்பப்பட்டுத்தான் வந்தான்' என்று எழுதிக்கொள்வது என்ன விருப்பம்? 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாசத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் ஆண்களுக்கு அறுத்தார்கள். பணம், அரிசி, சேலை கொடுத்தார்கள். எமர்ஜென்சியில் அந்த வேசமும் கலைந்தது. 1976-77 ஒரு வருசத்தில் 82 லட்சம் பேர். ஷா கமிஷன் பதிவு செய்த சாவு மட்டும் 1,774. அதில் ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்ததில் ஆள்கிறவன் ஒன்று கற்றுக்கொண்டான்: ஆம்பளை மேல் கைவைக்கக் கூடாது. அதற்குப் பிறகு கத்தி முழுக்கப் பொம்பளை பக்கம் திரும்பியது.

எங்கம்மா கதை 1993. டார்கெட் காலம். நர்சம்மாவுக்கு இத்தனை கேஸ், வாத்தியாருக்கு இத்தனை கேஸ், கிராம நிர்வாக அலுவலருக்கு இத்தனை. கேஸ் பிடிக்க எங்கே போவார்கள்? மேலத்தெருவில் கதவைத் தட்ட முடியுமா? நேரே எங்க தெரு. மூணாவதாகத் தம்பி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வேனில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தரையில் பாய் போட்டு வரிசையாகப் படுக்க வைத்தார்கள். வரும்போது பணமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். பணம் மளிகைக்கடைப் பாக்கிக்குப் போனது. வாளி இன்னும் இருக்கிறது, கோழிக்குத் தவிடு பிசைகிறோம். பத்தாம் நாள் அம்மா களை எடுக்கப் போய்விட்டாள். இடுப்புவலி இன்றைக்கு வரைக்கும் கூட வருகிறது.

இதை நான் கல்லூரிக் காலத்தில் ஒரு கருத்தரங்கில், 'அரசு அதிகாரம் தலித் பெண்ணுடல் மீது நிகழ்த்திய வன்முறை' என்று வாசித்தேன். கைதட்டு கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருடி என்னய இழுத்துட்டுப் போனா? நாந்தான் போனேன். ஒங்க அப்பாயி நாலுநாளு என்கிட்ட பேசல. ஒரு பய போதுமா, ரெண்டு பய வேணாமான்னு கேட்டா. ஒம்போது பெத்து அஞ்ச பொதச்சவ நீ, நான் பொதைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வேன்ல ஏறுனேன்."

அன்றைக்கு நான் எழுதியதை நானே கிழிக்க வேண்டியிருந்தது. வன்முறை இல்லை என்று சொல்லவில்லை. தரையில் படுக்க வைத்தது வன்முறை. வாளி வன்முறை. வேறு எந்த முறையும் சொல்லிக்கொடுக்காமல் கத்தியை மட்டும் காட்டியது வன்முறை. அப்பாவைக் கேட்கவே இல்லையே, அது பெரிய வன்முறை. ஆனால் அம்மா ஏமாந்துபோய் வேனில் ஏறவில்லை. அவளும் ஒரு கணக்குப் போட்டாள், அது அப்பாயி போட்ட கணக்கு மாதிரியே சரியான கணக்கு. என்ன மாறியிருந்தது? 1982இல் சத்துணவு வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் ஒரு வேளை சோறு நிச்சயம். தடுப்பூசி வந்திருந்தது. பிறந்தது தங்கும் என்று ஒரு நம்பிக்கை. பண்ணையில் டிராக்டர் இறங்கி, மாட்டுக்காரப் பயலுக்கு வேலை போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கஞ்சியைச் சம்பாதிக்காது. நோட்டு, சட்டை, பஸ் காசு என்று கேட்கும். வரவாக இருந்த பிள்ளை செலவாக மாறிய இடம் அது.

இன்னொன்றும் மாறியிருந்தது. எங்க சனத்தில் பரிசம் போட்டுப் பொண்ணு கேட்ட காலம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீடு கொடுக்கும். பொண்ணு உழைக்கிறவள், ஆகவே அவளுக்கு விலை. படித்த மாப்பிள்ளை, வேலையில் இருக்கிற மாப்பிள்ளை என்று நாலு பேர் வந்ததும் மேல்சாதிக்காரனைப் பார்த்து வரதட்சணை நுழைந்தது. அவனிடம் கற்றுக்கொள்ள எத்தனையோ இருக்க, இதைக் கற்றோம். பொட்டப்பிள்ளை கடன் பத்திரமானாள். மூணு வருசம் நூல் மில்லில் அடைந்து கிடந்தால் முடிவில் மொத்தமாகக் கல்யாணப் பணம் தருகிறேன் என்று சுமங்கலித் திட்டக்காரன் வந்தபோது, சேரிகளிலிருந்து பிள்ளைகளை அனுப்பினார்களே, அந்தக் கணக்கில்தான் அனுப்பினார்கள். எங்க தெருவில் மூணு பேர் போனார்கள். ஒருத்தி பணம் வாங்காமலேயே திரும்பி வந்தாள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த சமயம் எடுத்த முதல் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 1992-93இல், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 பிள்ளை. 2019-21 கணக்கெடுப்பில் 1.8. அதே காலத்தில் ஒரு வயசுக்குள் சாகும் குழந்தை ஆயிரத்துக்கு 68இல் இருந்து 19க்கு இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளை தங்கத் தொடங்கியதும் எண்ணிக்கை இறங்குகிறது. இந்திய அளவில் தலித் பெண்களுக்குச் சராசரி 2.08, எந்த ஒதுக்கீட்டிலும் வராத 'மற்றவர்'களுக்கு 1.93. பன்னிக்குட்டி என்றவனுக்கும் நமக்கும் உள்ள தூரம் அரைப் பிள்ளைகூட இல்லை. எங்கம்மாக்கள் வேனில் ஏறி இறக்கிய எண்ணிக்கை இது. பாராட்டுப் பத்திரம் வாங்கியது அரசாங்கம்.

யார் உடம்பில் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது அந்த 2019-21 கணக்கெடுப்பு. ஆம்பளை? 0.1 சதவீதம். ஆண்களுக்குச் சின்ன ஆபரேஷன், பெண்களுக்குப் பெரிய ஆபரேஷன் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். பகுத்தறிவு மண் என்கிறோம், ஆண்மை போய்விடும் என்று பயப்படுகிற மண்ணாகவும் இருக்கிறது. தோழர்களும் இந்த 0.1க்கு வெளியேதான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் கையைத் தூக்கலாம்.

விலைப் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் ஒன்றிய அரசு போட்ட பட்டியல்படி, தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ தாழ்த்தப்பட்ட, பழங்குடி சாதியாக இருந்தாலோ 600 ரூபாய். மற்ற பெண்ணுக்கு 250. கூலியில் எங்களுக்கு ஒரு நாளும் கூடுதல் கொடுத்தவர்கள் இல்லை. கோயிலில், குளத்தில், சுடுகாட்டில் எங்க சாதிக்குச் சலுகை கிடையாது. கருப்பையை மூடுவதற்கு மட்டும் எங்க சாதிச் சான்றிதழுக்கு 350 ரூபாய் மதிப்பு அதிகம். 2014 நவம்பரில் சட்டீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு கேம்பில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுத்தார்கள். அந்த நாட்களின் கேம்புகளில் 13 பெண்கள் செத்தார்கள். ஏழைப் பெண்கள். 2016இல் உச்சநீதிமன்றம் மூன்று வருசத்துக்குள் கேம்புகளையே நிறுத்தச் சொன்னது.

இங்கே பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று 1992இல் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை பேரில் பணம் போட வேண்டுமானால் பெற்றவர்களில் ஒருவர் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. மகளுக்குப் பாதுகாப்பு, ஆத்தாளுக்குக் கத்தி. முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயில் தொடங்கி 2018இல் 18,000 ஆனது. அதுவும் இரண்டு பிரசவத்தோடு சரி. மூணாவது பெறுகிற கூலிக்காரிக்குப் பால் சுரக்காது என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதே அரசாங்கம் தன் ஊழியைக்கு 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாசம் சம்பளத்தோடு லீவு தருகிறது. தரட்டும், அது நல்லது, எங்க வீட்டுப் பிள்ளைகளும் இரண்டொருத்தி அந்த உத்தியோகத்தில் இருக்கிறாள். ஒரு வருசச் சம்பளத்தையும், தவணை தவணையாக வரும் 18,000ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். குழந்தையின் எடை இரண்டிலும் ஒன்றுதானே? 1928இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவிச் சட்டத்துக்காகப் பேசியவர் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வும் கூலியும் வேண்டும் என்ற பேச்சு அது. வயல்காட்டுப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு இன்னும் வந்து சேரவில்லை.

ஆந்திராவைப் பாருங்கள். 1994இலிருந்து இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்று சட்டம். 2024 நவம்பரில் அதே சட்டமன்றம் அதை எடுத்தது. இது மாதிரிச் சட்டம் பல மாநிலங்களில் இருந்தது. அதில் பதவி இழந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்று நிர்மலா புச் ஆய்வு சொன்னது. குறைத்தால் பதவி என்றான், கூட்டினால் தொகுதி என்கிறான்.

இதுவரை எதிராளிகளைப் பேசினேன். அது சுலபம். இனி நம்மவர்.

போன வருசம் திருவாரூர் பக்கம் ஒரு தெருமுனைக் கூட்டம். அதில் ஒரு தோழர், நன்றாகப் பேசுகிறவர், ஜெயிலுக்குப் போனவர், பெயர் வேண்டாம். "நம்ம எண்ணிக்கைதான் நம்ம பலம். ஆபரேஷன் என்பது நம்மை ஒழிக்கிற சதி. தாய்மார்கள் யோசிக்க வேண்டும்" என்றார். கீழே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்தாள். "எண்ணிக்க வேணும்னா நீ பெத்துக்க சாமி. எனக்கு ஏழு. ஏழையும் ஒனக்கு ஓட்டுப்போடத்தான் வச்சிருக்கேன், ஒரு ஆளு வந்து கஞ்சி ஊத்தல." கூட்டம் சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

தோழருக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி வேண்டும் என்ற தீர்மானத்துக்கு அம்பேத்கர் தயாரித்த பேச்சை, அவர் வர முடியாததால் பி.ஜே.ரோகம் வாசித்தார். பிரசவ வேதனை ஆண்களுக்கு வந்தால் ஒருத்தனும் ஒன்றுக்கு மேல் சம்மதிக்க மாட்டான் என்கிற வாதம் அதில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. 1942இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில் பெண்களிடம், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், அதிகம் பிள்ளை பெறுவது குற்றம் என்கிற அளவுக்குக் கடுமையாகவே பேசினார். படத்துக்கு மாலை போடுகிற நாம் இதையும் எடுத்துப் படிக்க வேண்டாமா?

அப்புறம் அந்த எண்ணிக்கை. 2001 சென்சஸில் தமிழ்நாட்டில் நாம் 19 சதவீதம், 2011இல் 20. தனித்தொகுதி 42இல் இருந்து 44 ஆனது. என்ன நடந்தது? எண்ணிக்கை இருந்ததால்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தனி ஊராட்சி ஆனது. 1996இலிருந்து பத்து வருசம் தேர்தலே நடத்த விடவில்லை. எண்ணிக்கை இருந்ததால்தான் மேலவளவில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூனில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தலை குறைவாக இருந்ததாலா வெட்டினான்? இன்னும் நாலு தலை பெற்றுக் கொடுத்தால் வெட்ட மாட்டானா? நிலத்தையும் கூலியையும் பேசாமல் வயிற்றைப் பேசுகிற பேச்சு மிராசுதார் வரப்பில் நின்று பேசிய பேச்சுதான். தோழர், உங்களுக்கு வரப்புக்குப் பதில் மைக்.

எனக்கு ஒரு மகள். இன்னொன்று வேண்டும் என்று ஆசை எனக்கு இருக்கிறது, இருந்தது. கணவருக்கும் எனக்கும் நிரந்தர வேலை இல்லை. இங்கிலீஷ் மீடியம் பீஸ், வாடகை, அம்மாவின் இடுப்புக்கு மாத்திரை. பேற்றுக்காக ஆறு மாசம் வீட்டில் இருந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது. இந்தச் செலவை ஏற்க ஒரு முதல்வரும் ஒரு தலைவரும் முன்வரவில்லை. டிவியில் அந்த நாகப்பட்டினம் பேச்சு ஓடியபோது அம்மா தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். "வளக்கறதுக்கும் ஆளு அனுப்புவாங்களாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

வருகிற மாசம் அதே தெருவில் மறுபடி கூட்டம் போடுகிறார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் வேன் ஏறிய கதையை வரிசையாகச் சொல்லட்டும், ஆண்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கிழவி வருவதாகச் சொல்லிவிட்டாள். தோழரும் வருவார்.